பாயும் பெஞ்சும்: தொடக்கப் பள்ளியில் இருக்கைத் தேர்வு

கல்வியைப் பற்றிப் பேசுவோர் பாடநூலைப் பற்றிப் பேசுவர். ஆசிரியரைப் பற்றிப் பேசுவர். தேர்வைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் ஓயாது பேசுவர். ஆனால், கற்கும் குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்தை அதற்கு ஒதுக்கியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. இருக்கை என்பது தச்சரின் கவலை. கல்வியாளரின் கவலை அன்று என்று எண்ணிவிட்டோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. 5 ஆண்டுகளுக்கு 4,000 மணி நேரம் ஆகிறது. இத்தனை நேரத்தையும் ஒரே பெஞ்சில், முன்னால் இருப்பவன் முதுகைப் பார்த்தபடியே ஒரு குழந்தை கழிக்க நேர்ந்தால், அதனிடம் நாம் கல்வியைக் கொடுத்ததைவிடப் பொறுமையைச் சோதித்ததே மிகுதி ஆகும்.

இந்தக் கட்டுரை விருப்ப இருக்கை என்னும் முறையை ஆராய்கிறது. விருப்ப இருக்கை என்றால், நினைத்தவன் நினைத்த இடத்தில் உருளலாம் என்பது பொருள் அன்று. ஒரே அறையில் பாய், தாழ்ந்த பலகை, மேசை நாற்காலி, நின்று எழுதும் கரும்பலகை எனப் பலவகை இடங்கள் இருக்க வேண்டும்; செய்யப்போகும் வேலைக்கு எந்த இடம் ஏற்றது என்று பார்த்துக் குழந்தையே தேர்ந்துகொள்ள வேண்டும்; தேர்ந்த இடம் பொருந்தாவிட்டால் மாறிக்கொள்ளவும் வழி வேண்டும். இவ்வளவே அதன் பொருள். இது நம் நாட்டுக்கு ஒத்துவருமா, அம்பர்நாத் போன்ற ஒரு தொழில் நகரத்தின் நெருக்கமான பள்ளிக்கு ஒத்துவருமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

திண்ணையும் விசிப்பலகையும்

நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. பிள்ளைகள் தரையில் அமர்ந்தனர். மணலைப் பரப்பி விரலால் எழுதினர். முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். ஒருவன் எங்கே அமர்வது என்பது அவன் எதைப் படிக்கிறான், யாரிடம் படிக்கிறான் என்பதைப் பொறுத்தே இருந்தது.

ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியாரான ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அவர் தம் விடுதியிலும் அதைக் கையாண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியன் ஆகும் முறையையும் வளர்த்தார். தாயகம் திரும்பி 1797இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதைப் போன்றதொரு முறையைப் பெருங்கூடங்களில் நடத்தினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நீண்ட பெஞ்சுகளில் வரிசை வரிசையாக அமர்ந்தனர். மணல் இங்கிருந்து அங்கே போயிற்று. விசிப்பலகை அங்கிருந்து இங்கே வந்தது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றுவது நம் நோக்கம் அன்று. அங்கே பிரம்பு ஆண்டது. உழைக்கும் சாதியாரின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. இடத்தைப் பற்றி ஆராயப் புகுந்த நாம் இதை மறந்துவிட்டு மேலே செல்லுதல் கூடாது.

கோணிப்பையின் பாடம்

1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர், சாத்தாராவில் தாம் படித்த நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து உட்கார அவருக்கு உரிமை இல்லை. வகுப்பின் ஒரு மூலையில், தாமே கொண்டுசென்ற கோணித்துண்டின்மேல் தனியே அமர வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளும் அந்தக் கோணியைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் அதை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும்.

தரையில் உட்காருவது இழிவா? அன்று, கோயிலில் எல்லாரும் தரையில்தான் அமர்கிறோம். ஒருவனை மட்டும் தரையில் உட்கார வைப்பதே இழிவு. இந்த வேறுபாட்டை உணராதவர் இருக்கையைப் பற்றி எந்தத் திட்டமும் வகுக்க இயலாது. "என் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும்" என்று ஏழைத் தாய் ஒருத்தி கூறுகிறாள் என்றால், அவள் மரப்பலகையைக் கேட்கவில்லை, மதிப்பைக் கேட்கிறாள். அவளிடம் போய், "பாய்தான் உடம்புக்கு நல்லது அம்மா" என்று நாம் அறிவுரை கூறினால் அவள் நம்மை நம்பமாட்டாள். நம்ப வேண்டிய தேவையும் இல்லை.

ஆகவே முதல் விதி ஒன்று கிடைக்கிறது. பாய் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். பெஞ்சும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். எந்த இடமும் தண்டனை ஆகக்கூடாது. எந்த இடமும் பரிசும் ஆகக்கூடாது. "மக்குப் பசங்கள் எல்லாம் பின்னால் போ" என்று ஓர் ஆசிரியர் ஒருமுறை கூறினாலும் போதும். அந்த அறையில் விருப்ப இருக்கை செத்துவிடும்.

ரோமாபுரியிலிருந்து கோஸ்பாடு வரை

அசையாத பெஞ்சை எதிர்த்து உரக்கக் குரல் எழுப்பியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். அங்கே தரையில் அறையப்பட்ட பெஞ்சுகளுக்கு மாறாக, குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசைகளும் நாற்காலிகளும் இருந்தன. தரையில் விரிக்கச் சிறு விரிப்புகளும் இருந்தன. நாற்காலி சாய்ந்து ஓசை எழுந்தால், அந்த ஓசையே குழந்தைக்குப் பாடம் ஆகிறது. அடுத்த முறை அது கவனமாக நகர்கிறது. அசையாமல் உட்காருவது ஒழுக்கம் அன்று, அசைவைத் தானே ஆளத் தெரிவதே ஒழுக்கம் என்பது அம்மையார் கொள்கை.

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை நம் நாட்டிலேயே தங்கினார்; கொடைக்கானலிலும் வாழ்ந்தார். ஆயினும், அவருடைய முறை நம் நகரங்களில் பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளின் உடைமை ஆயிற்று. தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது என்று கூறினால் மிகை ஆகாது.

அதை ஏழைகளிடம் திருப்பிக் கொண்டுவந்தவர்களுள் தலையானவர் தாராபாய் மோடக் அம்மையார். வழக்கறிஞராக இருந்து, பின்பு பாவநகரில் 1920இல் பாலமந்திர் அமைத்த கிஜுபாய் பதேக்காவுடன் சேர்ந்து பணி செய்தவர் அவர். 1945இல் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரிலும், 1957 முதல் தகாணுவுக்கு அருகே கோஸ்பாடு குன்றிலும், அனுதாய் வாக் அம்மையாரின் துணையுடன் பழங்குடிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். அம்பர்நாத் இருக்கும் அதே தானா மாவட்டத்தில்தான் இவ்விரண்டு ஊர்களும் அன்று இருந்தன. 2014இல் பால்கர் மாவட்டம் பிரிந்தபோது அவை அதனுடன் சென்றன. வெளிநாட்டைப் பார்ப்பதற்குமுன் நாம் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு இது.

அங்கே குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி குழந்தைகளிடம் சென்றது. வீட்டு முற்றத்தில் கூடியது அங்கன்வாடி ஆயிற்று. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் நிலமே வகுப்பறை ஆயிற்று. மாட்டை ஒரு கண்ணும் எழுத்தை ஒரு கண்ணும் பார்க்கும்படி பாடம் நடந்தது. தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு திரியும் சிறுமியர் படிக்க வேண்டும் என்பதற்காக, கைக்குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. குழந்தையின் வாழ்க்கைக்கு ஏற்ப இடம் அமைந்தால்தான் படிப்பு நடக்கும் என்பதைக் கோஸ்பாடு நமக்குக் கற்பிக்கிறது. விலை உயர்ந்த நாற்காலி ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை.

தமிழகத்தின் பெருஞ்சோதனை

இம்முறையை ஒரு மாநில அளவில் செய்து பார்த்த பெருமை தமிழகத்துக்கு உண்டு. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா ஆகிய இருவரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக ஒரு கற்றல் முறையை உருவாக்கியிருந்தனர். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணியின் படிகளைப்போல அடுக்கிவைப்பது அந்த முறை. அதைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் முயற்சியால் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08ஆம் கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் பரவி, சுமார் 37,000 பள்ளிகளை எட்டியது.

அந்த வகுப்பறைக்குள் நுழைந்தவர்கள் முதலில் கண்டது இருக்கை மாற்றத்தைத்தான். வரிசைகள் இல்லை. பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் பாயில் வட்ட வட்டமாக அமர்ந்திருந்தனர். சுவர்களின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி சொந்தம். தலைக்கு மேலே கட்டிய கம்பிகளில் பிள்ளைகளின் ஓவியங்கள் தொங்கின. பிள்ளை ஏணியைப் பார்த்துத் தன் படியை அறிந்து, தானே அட்டையை எடுத்தது. அந்த அட்டை எந்தக் குழுவைக் காட்டியதோ அங்கே போய் அமர்ந்தது. முழுக்க ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, ஓரளவு ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, சக மாணவர் துணையுடன் கற்கும் குழுக்கள், தானே கற்கும் குழு, தேர்ச்சியைச் சோதிக்கும் குழு என்று 6 குழுக்கள் இருந்தன. ஆசிரியரும் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் அமர்ந்தார்.

கடைசியில் கூறிய இச்செய்தி சிறிதன்று. ஆசிரியரே பாயில் அமர்ந்த பிறகு பாய் தாழ்ந்த இடம் ஆகுமா? முன்பு கூறிய கோணிப்பையின் இழிவுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

குறைகளும் இருந்தன. "பிள்ளைகள் விளையாடிவிட்டு வருகிறார்கள், புத்தகத்தையே காணோம்" என்று பெற்றோர் முறையிட்டனர். அட்டைகளைப் பாதுகாப்பதும் ஒவ்வொரு பிள்ளையின் படியையும் குறித்துவைப்பதும் பெருஞ்சுமை என்று ஆசிரியர்கள் கூறினர். நல்ல ஆசிரியர் கையில் உயிரோடு இருந்த முறை, மனம் ஒப்பாதவர் கையில் வெறும் சடங்காகும் வாய்ப்பும் இருந்தது. 2022இல் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் வந்தது. அதிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும் முறை உண்டு. பெயர் மாறினாலும், எல்லாரும் ஒரே திசை பார்த்து ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டும் என்னும் பழைய கட்டு தளர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

‘ப’ வடிவம் கற்பித்தது

2024இல் வெளியான ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்னும் மலையாளத் திரைப்படம் கடைசிப் பெஞ்சின் துயரத்தைக் காட்டிற்று. அதைக் கண்டு கேரளத்துப் பள்ளிகள் சில, பெஞ்சுகளைச் சுவரோரமாக நகர்த்தி, கடைசிப் பெஞ்சு என்பதே இல்லாமல் செய்தன. 2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையும் இருக்கைகளைத் தமிழ் எழுத்தாகிய ‘ப’ வடிவில் அமைக்குமாறு பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. பக்கவாட்டில் அமரும் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைப் பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கும், பிள்ளைகள் மிகுதியாக உள்ள அறையில் இடம் போதாது என்றனர். சில நாட்களிலேயே அந்த ஏற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது.

நோக்கம் நல்லதே. கடைசிப் பெஞ்சு ஒழிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், எந்த வடிவமும் எல்லா வேலைக்கும் ஏற்றது ஆகாது. கதை சொல்லவும் உரையாடவும் ‘ப’ வடிவம் சிறந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுத அது இடர். வரிசை போய் ‘ப’ வந்து, அதுவும் அசையாமல் நின்றுவிட்டால், பழைய சிறைக்குப் புதிய சுவர் எழுப்பியவர் ஆவோம். வடிவத்தை மாற்றுவதைவிட, மாற்றிக்கொள்ளும் உரிமையை வகுப்பறைக்கு அளிப்பதே மேல்.

ஆராய்ச்சி கூறுவது என்ன?

ஆர்வத்தால் மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளுதல் மாணவர்க்கு அழகன்று. சான்று வேண்டும். 2008இல் வன்னார்க்கா, ரூல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வரிசை, குழு, அரைவட்டம் ஆகிய இருக்கை முறைகளை ஒப்பிட்ட 8 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தனியே இருந்து செய்யும் வேலைக்கு வரிசையே நன்று. எளிதில் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு அது மேலும் உதவுகிறது என்று கண்டனர். கலந்துபேசிச் செய்யும் வேலைக்கு நெருங்கி அமர்தல் வேண்டும். செய்யும் வேலையைப் பார்த்தே ஆசிரியர் இருக்கையை அமைக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இங்கிலாந்தின் சால்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாரெட் குழுவினர் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 விழுக்காடு வகுப்பறையின் அமைப்பைப் பொறுத்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். அந்த விளைவில் ஏறத்தாழப் பாதி வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றால் வருவது. நான்கில் ஒரு பங்கு, பிள்ளை அந்த அறையைத் தன்னுடையது என்று உணர்வதாலும், அறை பலவகை வேலைக்கு இடம் தருவதாலும் வருவது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைத் தெளியலாம். விருப்ப இருக்கை பயன் தரக்கூடியது என்பது ஒன்று. புழுக்கமும் இருட்டும் உள்ள அறையில் பாயை மட்டும் மாற்றிப் போடுவதால் பெரும்பயன் விளையாது என்பது மற்றொன்று. முதலில் சன்னலைத் திறக்க வேண்டும். பிறகு பாயை விரிக்கலாம்.

அம்பர்நாத்துக்கு என்ன வழி?

கல்யாணைக் கடந்து, உல்லாஸ்நகரையும் தாண்டினால் வருவது அம்பர்நாத். 1060ஆம் ஆண்டின் கல்வெட்டைத் தாங்கிய சிவன் கோயில் ஒருபுறம். படைக்கலத் தொழிற்சாலையும் பிற ஆலைகளும் மறுபுறம். வேலை தேடி வந்த பல மொழியினருடன் தமிழரும் இங்கே குடியேறினர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் அடர்ந்து வாழ்வதுபோல் இங்கே இல்லை. மும்பை மாநகராட்சி, தமிழ் உள்ளிட்ட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்திவந்திருக்கிறது. ஆனால் அம்பர்நாத் அந்த மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே இருப்பது. ஆகவே வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் மராத்தியோ ஆங்கிலமோ என்று 6 வயதுப் பிள்ளை ஒன்று மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கும் நிலை இங்கே இயல்பு.

அந்தப் பிள்ளைக்கு இருக்கை எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கூறுவது விளங்கவில்லை. விளங்காத பிள்ளை வாய் திறப்பதில்லை. வாய் திறவாத பிள்ளையை ஆசிரியர் கவனிப்பதில்லை. நாளடைவில் அது பின்வரிசைக்குப் போய்விடுகிறது; அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையும் தெரிவதில்லை. அறிவில் குறைந்த பிள்ளை அன்று அது. இடத்தால் குறைந்த பிள்ளை. அதே பிள்ளை, தமிழும் மராத்தியும் தெரிந்த மற்றொரு பிள்ளைக்கு அருகில் பாயில் உட்கார இடம் கிடைத்தால் என்ன ஆகும்? ஆசிரியர் கூறிய சொல்லைத் தோழி மெல்லத் தமிழில் கூறுவாள். இவள் அதை மராத்தியில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். திண்ணைப் பள்ளியின் பழைய நன்மை புதிய ஊரில் மீண்டும் பிறக்கும். மும்பைத் தமிழராகிய நாம் இருக்கைத் தேர்வைப் பற்றிக் கவலைகொள்ள இதுவே தலையாய காரணம்.

செலவு மிகுதியாகுமே என்று தயங்க வேண்டா. ஓர் அறையை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, கரும்பலகைக்கு எதிரே சில பெஞ்சுகள். பார்த்து எழுதுவதற்கு இந்த இடம். கண்பார்வை குறைந்த பிள்ளைக்கும் காது மந்தமான பிள்ளைக்கும் முன்னிடம் எப்போதும் உறுதி. இதில் மட்டும் தேர்வுக்கு இடம் இல்லை.

இரண்டாவது, ஒரு சன்னலோரம் பாய் அல்லது ஜமுக்காளம். படிக்கவும் கலந்து பேசவும் இது ஏற்றது. தரையில் அமர்ந்து குனிந்து எழுதினால் முதுகு வளையும். ஆதலால் பழைய கணக்குப்பிள்ளை மேசை போன்ற சிறு சாய்மேசைகள் வேண்டும். மும்பையைச் சேர்ந்த ஆரம்ப் என்னும் தொண்டு நிறுவனம், பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி மடித்து, தோளில் மாட்டினால் பையாகவும் விரித்தால் சாய்மேசையாகவும் பயன்படும் பொருளைச் செய்து காட்டியிருக்கிறது. ஆலைகள் நிறைந்த அம்பர்நாத்தில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்?

மூன்றாவது, சுவரின் அடிப்பகுதியில் கருவண்ணம் பூசிய எழுதுமிடம். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்த பிள்ளை எழுந்து நின்றோ முழங்காலிட்டோ இங்கே எழுதலாம். ஒரு தகரம் வண்ணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் இதற்குப் போதும்.

நான்காவது, ஒரு மூலையில் தனியிடம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தனியே இருந்து படிக்கும் வாய்ப்பு நாள் முழுவதும் வேறு எங்கும் கிடைப்பதில்லை. அது இந்த மூலையில் கிடைக்கட்டும்.

மழைக்காலத்தை மறத்தல் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தரை ஈரம் கசியும். அந்த நாட்களில் வெறும் பாய் உதவாது. மராத்தியர் வீடுகளில் ‘பாட்’ என்றும் நாம் மணை என்றும் கூறும் தாழ்ந்த பலகைகளைப் பாயின்மேல் இட்டுக்கொள்ளலாம்.

ஐயங்களும் விடைகளும்

"ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேர்ந்துகொள்ளத் தெரியுமா?" என்பர் சிலர். முதல் வாரம் தெரியாது. எல்லாரும் சன்னலோரத்துக்கே ஓடுவர். ஆகவே முதலில் இரண்டு இடங்களை மட்டும் காட்டி, "இதில் ஒன்றைத் தேர்ந்துகொள்" என்று தொடங்க வேண்டும். பாடம் முடிந்ததும், "இங்கே உட்கார்ந்ததால் வேலை முடிந்ததா?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விதான் இம்முறையின் உயிர். தன் வேலைக்கும் தன் இடத்துக்கும் உள்ள உறவைப் பிள்ளை எண்ணத் தொடங்குகிறது. தேர்வு செய்யும் ஆற்றல் தேர்வு செய்வதால்தான் வளரும்.

"நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்து அரட்டை அடிப்பார்களே" என்பர். அடிப்பர். வேலை முடியாவிட்டால் அடுத்த மணி வேறு இடம் என்று முன்பே கூறிவிட வேண்டும். அது தண்டனை அன்று. எல்லாருக்கும் பொதுவான விதி. வலிமை மிக்க பிள்ளைகளே நாள்தோறும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாள்முறை வைத்துச் சுற்றிவரச் செய்யலாம். சாதிக்கொரு வட்டம், மொழிக்கொரு வட்டம், ஆண்பிள்ளைக்கொரு வட்டம் என்று அறை தானாகப் பிரிவதைக் கண்டால், ஆசிரியர் அஞ்சாமல் குறுக்கிட்டுக் குழுக்களைக் கலக்க வேண்டும். விருப்பம் என்னும் பெயரால் பழைய பிரிவினை திரும்பி வருவதற்கு இடம் தருதல் கூடாது.

"60 பிள்ளைகள் உள்ள அறையில் இது நடக்குமா?" என்று கேட்டால், முழுமையாக நடக்காது என்பதே நேர்மையான விடை. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அதை நடைமுறைப்படுத்தக் கோருவதும் இருக்கைச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியே ஆகும். அதுவரையில் நாளுக்கு ஒரு மணி நேரமேனும் வரிசையைக் கலைத்துப் பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே! நம்முள் சிலர் நாளை ஆசிரியர் ஆவோம். சிலர் அதிகாரிகள் ஆகி, பள்ளிகளுக்குப் பெஞ்சு வாங்கும் கோப்பில் கையெழுத்து இடுவோம். பலர் இன்றே மாலை வேளைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். எவருடைய ஆணையும் வேண்டாமல் இதைச் சோதித்துப் பார்க்க அந்த மாலைப் பாடமே ஏற்ற களம். ஒரு பாய், ஒரு மணை, ஒரு சாய்மேசை, சுவரில் ஒரு கரும்பலகை ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு திங்கள் நடத்திப் பாருங்கள். எந்தப் பிள்ளை எந்த வேலைக்கு எங்கே போகிறது, எங்கே இருந்தபோது வேலை முடிந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வும் தராத அறிவை அந்தக் குறிப்பேடு தரும்.

பாய் உயர்ந்ததா, பெஞ்சு உயர்ந்ததா என்று வழக்காடுவதில் பயன் இல்லை. குழந்தை தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேர்ந்து, தலைநிமிர்ந்து அமர முடிகிறதா என்பதே கேள்வி. இடம் அறிந்து அமரவும், பிறர்க்கு இடம் விட்டு அமரவும் கற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் எந்த அவையிலும் பின்வரிசைக்கு ஒதுங்கமாட்டார்கள். எவரையும் பின்வரிசைக்கு ஒதுக்கவும் மாட்டார்கள்.